பெயருக்கு முன்னும் பின்னும்: தமிழர் பெயர் வழக்கின் வரலாறு

தமிழரின் பெயர் வழக்கில் ஒருவருக்கே உரிய பெயர் தனித்து நிற்பது அரிது. அதற்கு முன்னால் தந்தையின் பெயரோ ஊரின் பெயரோ சுருங்கி ஓரெழுத்தாக நிற்கும். மூன்று நான்கு தலைமுறைகளுக்கு முன்புவரை அதற்குப் பின்னால் பிள்ளை, முதலியார், ஐயர், நாடார் போன்ற சாதிப்பட்டம் ஒன்றும் தொடர்ந்து வந்தது. முன்னால் நிற்கும் எழுத்தைப் பேச்சில் இனிஷியல் என்றும் எழுத்தில் முன்னெழுத்து அல்லது தலைப்பெழுத்து என்றும் வழங்குவர். யாருடைய பிள்ளை, எந்த ஊர், எந்தக் கூட்டம் என்று மற்றவர்கள் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு இந்தச் சேர்க்கைகளே விடையளித்து வந்தன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பதிவுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒருவரின் அடையாளத்தை வகுப்பதில் குடும்பம், கோயில், அரசு, சாதி, இயக்கம் ஆகியவற்றுள் எதன் கை ஓங்கியிருந்ததோ அதன் முத்திரையே பெயரைச் சுற்றி விழுந்திருப்பது தெரிகிறது. அந்த அடையாளத்தை மாற்ற முனைந்தவர்களும் பெரும்பாலும் தம் சொந்தப் பெயரைக் காட்டிலும் அதன் முன்னும் பின்னும் நின்றவற்றோடுதான் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள்.

ஊர், தொழில், தந்தை

சங்கப் பாடல்களைத் தொகுத்தோர் புலவர்களைக் குறித்த முறை இவ்வழக்கின் பழமையைக் காட்டுகிறது. முல்லைப்பாட்டைப் பாடியவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் எனப்படுகிறார். இதில் ஊரும் தந்தையின் தொழிலும் முன்னே வர, புலவரின் பெயர் கடைசியில் வருகிறது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பதும் அதே அமைப்பு. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும்போது துணி விற்கும் தொழிலே அடையாளமாகிறது. பெண்பாற் புலவர்களுள் ஒக்கூர் மாசாத்தியார் ஊரால் அறியப்பட, பூதபாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு கணவனால் அறியப்படுகிறார். பெயர் தெரியாமற்போன புலவர் சிலருக்கு அவர்கள் பாடலில் ஆண்ட உவமையையே பெயராக்கினர், செம்புலப்பெயனீரார் அத்தகையவர். ஊரும் தந்தையும் தெரியாதபோதுதான் ஒருவரின் சொந்தச் சொல் அவருக்குப் பெயராயிற்று என்பது கருதத்தக்கது. கரூருக்கு அருகிலுள்ள புகழூர்க் குகையின் தமிழி எழுத்துக் கல்வெட்டிலும், துறவி ஒருவருக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்த சேர இளவரசன் தன் தந்தையையும் பாட்டனையும் சேர்த்து மூன்று தலைமுறையாகவே குறிக்கப்படுகிறான்.

சோழர் காலத்தில் இந்த அமைப்போடு அரசு தரும் பட்டமும் சேர்ந்தது. முதலாம் இராசராசனின் (ஆட்சி 985–1014) படைத்தலைவர்களுள் ஒருவரும் தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்தவருமான கிருஷ்ணன் இராமன், மும்முடிச்சோழ பிரமராயன் என்னும் பட்டம் பெற்றவர். கிருஷ்ணன் என்பது தந்தை பெயர், இராமன் என்பது தம் பெயர், மும்முடிச்சோழன் என்பது பட்டமளித்த மன்னனின் பெயர், பிரமராயன் என்பது அந்தண அதிகாரிகளுக்கு வழங்கப்பட்ட சிறப்பு. வேளாண் குடியைச் சேர்ந்த அதிகாரிகள் மூவேந்தவேளான் என்னும் பட்டத்தைப் பெற்றனர். மன்னன் மாறும்போது பட்டத்தின் முதற்பகுதியும் மாறியது. அந்நிலையில் ஒருவரின் மேன்மை அவர் பிறந்த குடியிலிருந்தும் அவர் பணிந்த அரசிடமிருந்தும் ஒருங்கே வந்ததாகக் கொள்ளப்பட்டது.

அதே கோயிலின் மற்றொரு கல்வெட்டு, இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைப் பட்டியலிடுகிறது. தளி என்பது கோயில். கோயிலைச் சார்ந்த குடியிருப்பு தளிச்சேரி. அங்கு வாழ்ந்து ஆடலும் பாடலும் முதலிய கோயிற்பணி செய்தோர் தளிச்சேரிப் பெண்டுகள். எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாம் வீடு, அவள் முன்பு இருந்த ஊரும் கோயிலும் எவை என்ற விவரங்களோடு ஒவ்வொருத்தியின் பெயரும் வெட்டப்பட்டு, ஆளுக்கு ஒரு பங்காக ஆண்டுக்கு நூறு கலம் நெல் ஒதுக்கப்பட்டது. இப்பெயர்கள் நக்கன் என்னும் சொல்லோடு தொடங்குகின்றன. நக்கன் என்பது சிவபெருமானின் பெயர்; மற்றவர்களுக்குத் தந்தையின் பெயர் நிற்கும் இடத்தில் இப்பெண்களுக்கு இறைவனின் பெயர் நிற்கிறது. குடும்ப அமைப்புக்கு வெளியே வைக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கும் முன்னிடம் காலியாக விடப்படவில்லை என்பதையும், அவளுடைய வாழ்வுக்குப் பொறுப்பேற்ற நிறுவனமே தந்தையின் இடத்தைப் பிடித்தது என்பதையும் இக்கல்வெட்டு உணர்த்துகிறது.

வீட்டுக்குள் வைத்த பெயர்

கல்வெட்டும் ஏடும் பொது வெளியின் பெயரைக் காட்டுகின்றன. வீட்டுக்குள் பெயரை முடிவு செய்தது உறவுமுறை. மூத்த மகனுக்குத் தந்தையைப் பெற்ற தாத்தாவின் பெயரையும் அடுத்தவனுக்குத் தாயைப் பெற்ற தாத்தாவின் பெயரையும் வைப்பது பல சமூகங்களில் பொது வழக்கு. ஆனால் மாமனார், மாமியார், கணவன் ஆகியோரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடும் அதே வீட்டில் இருந்தது. தன் மகனுக்கே மாமனாரின் பெயர் வந்துவிட்டால் அவனைத் தம்பி, துரை, ராசா என்று ஏதேனும் சொல்லி அழைப்பதைத் தவிரத் தாய்க்கு வேறு வழியில்லை. ஆகவே ஒரு பிள்ளைக்குச் சடங்கில் சூட்டிய பெயர் ஒன்றும் வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்றுமாக இரண்டு இருப்பது இயல்பாயிற்று.

பிள்ளைகள் பிறந்து பிறந்து இறந்த வீடுகளில் அடுத்த பிள்ளையைக் காக்கும் பொருட்டு இழிவான பெயர் சூட்டினர். குப்பையில் கிடத்தி எடுத்த பிள்ளை குப்புசாமி அல்லது குப்பம்மாள். மூக்குக் குத்தி வளர்த்தவன் மூக்கன். பிறரிடம் இரந்து பெற்றதாகப் பாவித்தவன் பிச்சை. எமனும் கண்ணேறும் ஏறெடுத்துப் பாராதிருக்க வேண்டும் என்பது இவற்றின் நோக்கம். பெண் குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறந்த வீட்டில் வைத்த போதும்பொண்ணு, வேண்டாம் என்னும் பெயர்களில் அந்தப் பரிவு இல்லை. பெற்றோர் தெய்வத்திடம் வைத்த முறையீட்டை வாழ்நாள் முழுவதும் சுமந்து திரியும் கடமை அந்தப் பெண்ணின் மேல் விழுந்தது.

குடும்பம் தந்த பெயரை ஆசிரியர் மாற்றியதும் உண்டு. 1855-இல் பிறந்த உ. வே. சாமிநாதையருக்குப் பெற்றோர் சூட்டிய பெயர் வேங்கடராமன். 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்தபின், சைவப் பற்று மிக்க ஆசிரியர் அவருக்கு வேறு பெயர் உண்டா என்று வினவ, சாமிநாதன் என்பதன் குறுக்கமாக வீட்டில் சாமா என்று கூப்பிடுவதை மாணவர் தெரிவித்தார். அதன்பின் ஆசிரியரின் விருப்பப்படி சாமிநாதன் என்பதே நிலைத்தது. உத்தமதானபுரம் என்னும் ஊரும் வேங்கடசுப்பையர் என்னும் தந்தையும் இரண்டு முன்னெழுத்துகளாக முன்னே நிற்க, ஐயர் என்னும் சாதிப்பட்டம் பின்னே நிற்க, நடுவில் உள்ள பெயர் ஆசிரியர் தேர்ந்தது. ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு. காத்தவராயன் என்னும் பிறப்புப் பெயரை விட்டு அயோத்திதாசர் ஆன பண்டிதர் தம் ஆசான் அயோத்திதாசக் கவிராயரின் பெயரைச் சூடிக்கொண்டார்; புதுச்சேரி கனகசுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனதும் அந்த மரபையொட்டியே.

பெயரில் தெரிந்த ஏற்றத்தாழ்வு

ஒரே முருகனின் பெயரைத் தாங்கியவர்களுள் நிலமுடையவர் சுப்பிரமணியம், நடுத்தர நிலையிலிருந்தவர் சுப்பையா, பண்ணையாள் சுப்பன் என்று வழங்கிய காலம் நெடியது. மாடசாமி மாடனாகவும் முனுசாமி முனியனாகவும் குறுகுவதற்குத் தாய் தந்தையரின் தேர்வு காரணமன்று. சேரிக்காரர் பெயரில் சாமி என்னும் ஈறு ஒலிப்பதை ஊர்ப் பெரியவர்கள் பொறுக்கவில்லை. பெயரைச் சொன்ன மாத்திரத்தில் எங்கே நிறுத்துவது, எங்கே உட்கார வைப்பது என்று எதிரிலிருப்பவர் முடிவு செய்துவிட அது போதுமானதாயிருந்தது.

மதம் மாறியோர் பெயர்களிலும் பழைய அமைப்பு முழுவதும் அகலவில்லை. கத்தோலிக்கர் திருத்தூதர்களின் பெயர்களைத் தமிழ் மரபுக்கேற்ப ஆக்கிக்கொண்டு பேதுருவை ராயப்பன் என்றும் பவுலைச் சின்னப்பன் என்றும் யோவானை அருளப்பன் என்றும் வழங்கினர். எனினும் 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஆசிரியர், கிறித்தவராக இருந்தும் மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்றே அறியப்பட்டார். கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் பெயர் ஷைகு அப்துல் காதிர் என்பதன் தமிழ் வடிவம். மரைக்காயர், ராவுத்தர் என்னும் குலப்பட்டங்கள் முஸ்லிம்களின் பெயரோடும் தொடர்ந்தன.

பதிவேடுகளின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய அரசின் மக்கள்தொகைக் கணக்கும் நீதிமன்றமும் பள்ளியும் பத்திரப் பதிவும் பரவியபோது, வீட்டுக்கொன்றும் ஊருக்கொன்றும் சடங்குக்கொன்றுமாக இருந்த பெயர்களுள் ஒன்றை நிலையாகப் பதிய வேண்டியதாயிற்று. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம், ஆவணத்தில் ஒருவரை அடையாளம் காட்டச் சேர்க்க வேண்டிய விவரங்களை வரையறுத்தது. வசிப்பிடம், தொழில், பட்டம் ஆகியவற்றோடு இந்தியராயின் சாதியும் தந்தையின் பெயரும், தாயின் மகன் என்றே வழக்கமாக அறியப்படுபவராயின் தாயின் பெயரும் வேண்டும் என்பது அதன் கருத்து. சாதியைக் கேட்ட சொற்கள் விடுதலைக்குப் பின் நீக்கப்பட்டன. ஊரில் வாய்மொழியாக வழங்கியது சட்டத்தின் நிபந்தனையாக மாறியதால், சாதிப்பட்டம் ஆவணங்களில் முன்னிலும் அழுத்தமாக இடம்பெற்றது.

சாதிகளைக் கணக்கெடுப்பு வரிசைப்படுத்தியதும், எந்தப் பெயரில் பதியப்படுவது என்பதே பெரும் போராட்டமாயிற்று. தங்களை இழிவுபடுத்தும் பெயராகக் கருதிய சாணார் என்பதற்கு மாற்றாக நாடார் என்று அரசு எழுத வேண்டும் எனப் பல ஆண்டுகள் விண்ணப்பித்த சமூகத்தின் கோரிக்கை 1921-இல் ஏற்கப்பட்டது. 1910-இல் தொடங்கிய நாடார் மகாஜன சங்கம் இதற்காக முனைந்து உழைத்தது. பட்டம் என்பது இங்கே பெருமிதத்தின் சின்னமாகவும் சிறுமைக்கு எதிரான கேடயமாகவும் இருந்தது.

வணிகத்தில் முன்னெழுத்து மற்றொரு பயனைப் பெற்றது. நாட்டுக்கோட்டை நகரத்தார் தம் கடைகளுக்கு வைத்துக்கொண்ட விலாசம் என்பது பாட்டன், தந்தை, மகன் ஆகியோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த வரிசை. பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய கடையின் நாணயம் அந்த எழுத்துகளில் இருந்தது. முகமறியாதவரும் விலாசத்தை நம்பிக் கடன் கொடுத்தனர்.

தாயின் எழுத்து, கணவனின் எழுத்து

தாயின் மகன் என்று அறியப்படுபவர் எனப் பதிவுச் சட்டமே குறிப்பிட்டதற்கு, தாய்வழியே சொத்தும் கலையும் இறங்கிய தேவதாசி மரபு போன்றவை காரணமாகலாம். எம். எஸ். சுப்புலட்சுமியின் முன்னெழுத்துகள் மதுரையையும் அவருடைய தாய் வீணைக் கலைஞர் சண்முகவடிவையும் குறிக்கின்றன. தந்தையின் பெயர் சொல்லாதவரை இழிவாக நோக்கிய சமுதாயத்தில், கலை உலகம் மதித்துப் போற்றிய அந்த இரண்டு எழுத்துகளுள் ஒன்று தாயினுடையதாக இருந்தது. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, அந்தணரான நாராயணசாமி ஐயருக்கும் தேவதாசி மரபோடு தொடர்புடைய இசைவேளாளர் குலத்தில் வந்த சந்திரம்மாளுக்கும் மகள்; 1914-இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தபின் முத்துலட்சுமி ரெட்டி என வரலாற்றில் இடம்பெற்றார். சட்டமன்றத்தில் அவர் தொடங்கிய முயற்சியின் தொடர்ச்சியாக 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. தாயின் குலத்தைச் சூழ்ந்த இழிவை எதிர்த்த பெண்ணின் பெயரிலேயே கணவரின் சாதிப்பட்டம் நின்றது அக்காலத்தின் நெருக்கடியைக் காட்டும்.

மணமான பெண்ணின் முன்னெழுத்து தந்தையிடமிருந்து கணவனுக்கு மாறுவது பொதுவிதி. 1925 முதல் ஜகன்மோகினி இதழை நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய கோதைநாயகி அம்மாள், வை. மு. என்னும் புகுந்த வீட்டின் எழுத்துகளோடு வை. மு. கோ. என்றே வாசகர்களிடம் அறிமுகமானார். பெயருக்கு உரியவர் சிறு வயதிலேயே வேறொரு குடும்பத்துக்குள் சென்றதும், அக்குடும்பத்தின் அடையாளமே எழுத்துலகில் அவருடைய அடையாளமானதும் இதில் பதிவாகியுள்ளன.

கடல் கடந்த பெயர்கள்

சென்னையிலிருந்து சென்ற டிரூரோ கப்பல் 1860 நவம்பரில் நேட்டாலில் இறக்கிய தொழிலாளர்கள் தென்னாப்பிரிக்காவின் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகள். குறித்த ஆண்டுகளுக்கு உழைப்பதாகக் கைநாட்டு வைத்துப் புறப்பட்டவர்களை அவ்வாறு குறிப்பிடுவர். கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணும் அதனுடன் பெயர், தந்தை பெயர், சாதி, ஊர் ஆகியவையும் எழுதப்பட்டன. அங்கே ஆங்கில முறைப்படி குடும்பப் பெயர் கேட்கப்பட்டதால், சாதிப்பட்டமோ தந்தையின் பெயரோ தலைமுறைதோறும் மாறாத குடும்பப் பெயராக உறைந்தது. முதலி மூட்லி என்றும் கவுண்டர் கோவெண்டர் என்றும் நாயுடு நைடூ என்றும் ஆங்கில எழுத்தில் திரிந்தன. தமிழ்நாட்டில் அதே பட்டங்கள் சாதிப் பெருமையின் அறிகுறியாகக் கண்டிக்கப்பட்ட காலத்தில், தென்னாப்பிரிக்காவில் அவை வெறும் குடும்பப் பெயர்களாகத் தேய்ந்து, இந்திய வம்சாவளி என்னும் ஒரே செய்தியைச் சொல்லலாயின.

ரீயூனியன் தீவில் கிறித்தவப் பெயரும் பிரெஞ்சு எழுத்துமுறையும் சேர்ந்து, ராமசாமி போன்ற பாட்டன் பெயர்கள் குடும்பப் பெயர்களாக நின்றன. மலேசியாவில் தந்தை பெயருக்கு முன் மகன் என்றோ மகள் என்றோ பொருள்படும் மலாய்ச் சொற்றொடரின் சுருக்கமான ஏ/எல், ஏ/பி என்னும் குறிகள் அடையாள அட்டையில் இடம்பெற்றதால், தந்தைவழிப் பழைய முறையே அரசின் அனுமதியோடு நீடித்தது. 1898-இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்கில் பிறந்து, காந்தியடிகளின் அறப்போரில் சிறை சென்று, 1914 பிப்ரவரி 22-இல் இறந்த வள்ளியம்மை தமிழ்நாட்டில் தில்லையாடி வள்ளியம்மை எனப் போற்றப்படுகிறார். பெற்றோர் வழிப் பூர்விக ஊர் என்பதைத் தவிர அவ்வூரோடு அவருக்கு வேறு பிணைப்பில்லை. தென்னாப்பிரிக்கப் பதிவிலோ முனுசாமி முதலியார் என்னும் தந்தையின் பெயரும் பட்டமும் அவரோடு நிற்கின்றன. ஒரே பெண்ணை ஒரு நாடு ஊரால் உரிமை கொண்டாட, மற்றொரு நாடு தந்தையால் பதிந்து வைத்திருக்கிறது.

பட்டம் துறந்தோர்

பின்னால் நின்ற பட்டத்தின் மேல் நேரடியாகக் கை வைத்தது சுயமரியாதை இயக்கம். ஈ. வெ. ராமசாமி தம் பெயரோடு வந்த நாயக்கர் என்னும் பட்டத்தை 1927 இறுதியில் குடி அரசு இதழில் கைவிட்டார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, சாதியைக் குறிக்கும் பட்டங்களை மக்கள் பெயரோடு சேர்த்துக்கொள்ளக் கூடாது எனத் தீர்மானித்தது. மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன், நாடார் என்னும் பட்டத்தை அப்போதே துறந்தார். அவர் சமூகம் நெடுங்காலம் போராடி அரசிடம் அப்பெயரைப் பெற்று எட்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. இழிபெயரை மாற்றி உயர்பெயர் பெறுவது முதற்கட்டமென்றும், உயர்வு தாழ்வு காட்டும் எந்தப் பெயரும் வேண்டாமென்பது அதன் அடுத்த கட்டமென்றும் இவ்விரு நிகழ்வுகளையும் சேர்த்துப் பொருள் கொள்ளலாம்.

நடுவில் நின்ற சொந்தப் பெயரை மாற்றியது தனித்தமிழ் இயக்கம். அதற்கு முன்னோடியாக வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் 1899-இல் தனிப்பாசுரத் தொகையைப் பரிதிமாற் கலைஞர் என்னும் தமிழாக்கப் பெயரில் வெளியிட்டார். 1916-இல் அவ்வியக்கத்தைத் தொடங்கிய சுவாமி வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் ராமையா அன்பழகனாகவும் மாறியது அடுத்த தலைமுறையின் செயல். திராவிட இயக்கக் குடும்பங்களில் பிள்ளைகளுக்குப் பெயரிடும் உரிமை தாத்தாவிடமிருந்து தலைவருக்கு மாறியது. சங்கப் புலவர், மன்னர் பெயர்களோடு உலகத் தலைவர்களின் பெயர்களும் வந்தன. 1953 மார்ச்சில் பிறந்த மகனுக்கு மு. கருணாநிதி, அதே மாதத்தில் மறைந்த சோவியத் தலைவர் ஸ்டாலினின் பெயரைச் சூட்டியது அனைவரும் அறிந்தது. குடும்பத்தின் கையிலிருந்து பெயரை விடுவித்த இயக்கம் அதில் தன் முத்திரையைப் பதித்தது. ஆயினும் தந்தையின் முன்னெழுத்தை மட்டும் அது தொடவில்லை. சாதியைப் பெயரிலிருந்து இறக்கிய பகுத்தறிவாளர்களும் மகளுக்குத் தந்தையின் எழுத்தையும் மனைவிக்குக் கணவனின் எழுத்தையும் பெரும்பாலும் அப்படியே விட்டுவைத்தனர்.

அந்த எழுத்து அசையத் தொடங்கியது அண்மையில்தான். மணமாகாத தாய், பிள்ளையின் தந்தை யார் என்று வெளிப்படுத்தாமலேயே காப்பாளராகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் பெற்றோருள் ஒருவரின் பெயர் போதுமென்று 2016 டிசம்பரில் விதி திருத்தப்பட்டது. மாணவரும் அரசு ஊழியரும் முன்னெழுத்தைத் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் ஆணையிட்டது. மறுபக்கம், வெளிநாட்டு விண்ணப்பங்களும் கணினிப் படிவங்களும் குடும்பப் பெயருக்கென ஒரு கட்டத்தை நிரப்பச் சொல்வதால், ஓரெழுத்தாக நின்ற தந்தையின் பெயர் விரிந்து பின்னால் போய்ச் சேர்கிறது. வெளிநாடு செல்லும் மகனையும் மகளையும் அங்குள்ளவர்கள் அவர்களுடைய தந்தையின் பெயராலேயே அழைக்கிறார்கள்.

சாதிப்பட்டம் பெயரிலிருந்து பெருமளவு விலகிய மாநிலம் தமிழ்நாடு. ஆனால் பெயரிலிருந்து விலகியது வாழ்விலிருந்தும் விலகிவிட்டதாகக் கொள்ள இயலாது. மணமக்கள் தேவை விளம்பரங்களில் சாதி முதல் வரியிலேயே வருகிறது; ஊர்ப் பெயரையும் தெருவையும் குலதெய்வத்தையும் கேட்டே ஒருவரின் சாதியை ஊகிக்கும் பழக்கம் நகரங்களிலும் நீடிக்கிறது. தலைமுறைகளாக மறுக்கப்பட்ட கல்வியையும் வேலையையும் இடஒதுக்கீட்டால் ஈடுசெய்ய வேண்டியிருப்பதால், சாதிச் சான்றிதழையும் அரசு கைவிட முடியாது. பட்டத்தைத் துறந்தவர்கள் பெற்றுத் தந்த நன்மை இதனால் குறைந்துவிடவில்லை: பெயரைச் சொன்ன மாத்திரத்தில் ஒருவரை நிற்க வைப்பதா உட்கார வைப்பதா என்று முடிவு செய்யும் அதிகாரம் எதிரிலிருப்பவரிடமிருந்து பறிக்கப்பட்டது; சாதியைச் சொல்வதா, சொல்லாமல் விடுவதா என்னும் முடிவும், எப்போது, எதற்காகச் சொல்வது என்னும் முடிவும் ஓரளவேனும் பெயருக்கு உரியவரின் கைக்கு வந்தன.